துண்டுச் சீட்டும் சான்றிதழும்

நேர்காணலில் கடைசியாக வரும் கேள்வி எல்லா இடத்திலும் ஒன்றுதான். "எவ்வளவு எதிர்பார்க்கறீங்க?" சப்நெட்டிங், விலான், ரவுட்டிங் என்று அரைமணி நேரம் தடங்கலில்லாமல் பதில் சொன்ன பையன் இங்கேதான் திணறுவான். கூடச் சொன்னால் வேலை கைவிட்டுப் போகும். குறைச்சுச் சொன்னால் அடுத்த மூணு வருஷத்துக்கு அதுதான் விலை. "கம்பெனியில என்ன கொடுப்பாங்களோ அது போதும் சார்" என்று சொல்லிவிட்டு எழுந்து வருவான். கையில் சிசிஎன்ஏ சான்றிதழ் இருக்கும். அதை வாங்க வீட்டில் எவ்வளவு செலவானது என்று அந்த அறையில் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

கேட்கப்படாத அந்தக் கேள்விக்கு நீண்ட வரலாறு உண்டு. ஓர் ஆளை வேலைக்குத் தயார்படுத்த ஆகும் செலவை யார் ஏற்கிறார்கள்? ஏற்றவருக்குப் பதிலாக என்ன உரிமை கிடைக்கிறது? இந்த இரண்டுக்கும் விடை தெரியாமல் தொடக்கநிலைச் சம்பளம் என்ற எண்ணை மட்டும் பார்த்தால் ஒன்றும் விளங்காது.

சேர்வராயன் மலையிலிருந்து தொடங்கலாம். ஏற்காடு ஒன்றியத்தில் ஒன்பது ஊராட்சிகள். அதில் ஒன்று தலைச்சோலை. சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி, அந்த நிழலில் காப்பிச் செடி. 1820களில் சேலம் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன் காப்பியை இங்கே கொண்டுவந்தார். செடி வந்தது, எஸ்டேட் வந்தது, எஸ்டேட்டுக்கு ஆள் தேவைப்பட்டது.

அந்தக் காலத்துத் தென்னிந்தியத் தோட்டங்களுக்கு ஆள் சேர்த்தது முன்பணம். கங்காணி ஊருக்குள் வருவார், கையில் ரூபாயை வைப்பார். வீட்டில் கல்யாணம் இருக்கும், பழைய கடன் இருக்கும், மழை பொய்த்த வருஷமாக இருக்கும். வாங்கியவர் மலையேறுவார். அதற்குப் பிறகு கூலி பெரும்பாலும் கணக்குப் புத்தகத்தில்தான் வளரும். இந்த ஏற்பாட்டுக்குக் காவலாக ஒரு சட்டமும் இருந்தது. 1859இல் வந்த பதின்மூன்றாம் சட்டம், வேலையாட்கள் ஒப்பந்த மீறல் சட்டம். முன்பணம் வாங்கிக்கொண்டு வேலையை விட்டுப் போனவரை மாஜிஸ்திரேட் முன் நிறுத்தலாம். பணத்தைத் திருப்பிக் கொடு, இல்லையென்றால் திரும்பிப் போய் வேலை செய் என்று அவர் உத்தரவிடுவார். அதற்கும் மசியாவிட்டால் மூன்று மாதம் வரை கடுங்காவல். கடன் பாக்கி என்ற சிவில் விவகாரம் தொழிலாளிக்கு மட்டும் குற்றமானது. பிறகு தோட்டக்காரர்களுக்கென்றே 1903இல் சென்னை மாகாணம் தனிச் சட்டம் போட்டது. 1859ஆம் ஆண்டுச் சட்டத்தை நீக்க 1925 வரை ஆனது.

சேலம், திருச்சி, மதுரைப் பக்கத்திலிருந்து கடல் தாண்டி இலங்கைத் தோட்டங்களுக்குப் போனவர்களுக்கு இதன் இன்னொரு வடிவம் காத்திருந்தது. அதற்குப் பெயரே தமிழ்ப் பெயர்: துண்டு. ஒரு தோட்டத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற வேண்டுமென்றால் துரை எழுதித் தரும் சீட்டு வேண்டும். இந்த ஆளின் கடன் இவ்வளவு, அதைக் கட்டினால் இவரை விடுவிக்கச் சம்மதம் என்பது அதன் சாரம். புதிய தோட்டம் அந்தக் கடனை அடைத்து ஆளை எடுத்துக்கொள்ளும். கடன் தீராது, கடன்காரர் மட்டும் மாறுவார். 1921இல் இலங்கை அரசு துண்டு முறையை ஒழித்தது.

இங்கே செலவு என்பது பயிற்சிச் செலவு கிடையாது, ஆளைக் கொண்டுவந்து சேர்க்கும் செலவு. ஆனால் கணக்கின் அமைப்பைக் கவனியுங்கள். முதலில் செலவழித்தவர் முதலாளி. அதனால் வெளியே போவதற்கான சீட்டும் அவர் கையில்.

காப்பி மலைகளில் இது நடந்த அதே காலத்தில் சமவெளியில் வேறொரு வகை வேலை பிறந்தது. 1850இல் வில்லியம் ஓஷாக்னசி கல்கத்தாவுக்குப் பக்கத்தில் சோதனையாகத் தந்திக் கம்பி போட்டார். 1855இல் தந்தி பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டபோது கல்கத்தா, ஆக்ரா, பம்பாய், சென்னை எல்லாம் ஒரே கம்பியில் இணைந்திருந்தன. இந்தியாவின் முதல் நெட்வொர்க் என்று இதைத் தாராளமாகச் சொல்லலாம். கம்பி அறுந்தால் எங்கே அறுந்தது என்று கண்டுபிடிப்பவன், இந்த வழி அடைத்திருந்தால் செய்தியை அந்த வழியாகத் திருப்பி விடுபவன் எல்லாம் அன்றே இருந்தார்கள். ஆனால் அந்தக் கருவியைக் கையாளத் தெரிந்தவர்களை வெளியே தேட முடியாது, ஏனென்றால் அப்படி யாரும் இல்லை. துறையே ஆள் எடுத்தது, துறையே பழக்கியது. வேலையின் இறுக்கம் கடுமையாகத்தான் இருந்தது. 1908இல் தந்தி சிக்னலர்கள் இந்தியாவிலும் பர்மாவிலும் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஆனாலும் "நீ முதலில் உன் காசில் மோர்ஸ் படித்துவிட்டு வா" என்று துறை சொல்லவில்லை.

சுதந்திரத்துக்குப் பிறகு இந்த எண்ணத்துக்குச் சட்ட வடிவம் கிடைத்தது. 1961ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டப்படி பழகுபவருக்கு நிறுவனம் உதவித்தொகை தர வேண்டும். 2019இல் திருத்திய விதிகள் படிப்புக்கு ஏற்றபடி மாதம் 5,000 முதல் 9,000 ரூபாய் வரை குறைந்தபட்சத் தொகையை வைத்தன. சின்னத் தொகைதான். ஆனால் பணம் எந்தத் திசையில் போகிறது என்பது முக்கியம்: நிறுவனத்திலிருந்து கற்பவருக்கு.

திசை மாறியதன் மென்மையான தொடக்கம் தட்டச்சு நிலையம். தமிழ்நாட்டின் எந்தச் சிறு ஊரிலும் ஒரு மாடிப்படி, அதன் மேலே ரெமிங்டன் சத்தம். லோயர் என்றால் நிமிடத்துக்கு 30 வார்த்தை, ஹையர் என்றால் 45. கற்கும் செலவு இங்கே மாணவருடையது. ஆனால் ஃபீஸ் சின்னது, தேர்வை நடத்துவது அரசின் தொழில்நுட்பக் கல்வி இயக்ககம், அந்தச் சான்றிதழுக்கு அரசாணையில் அச்சடித்த விலையும் இருந்தது. இன்றும் இருக்கிறது. டிஎன்பிஎஸ்சி குரூப் 4 வழியாகத் தட்டச்சராகச் சேர்ந்தால் அடிப்படை ஊதியம் 19,500 ரூபாய், அதன்மேல் அகவிலைப்படி. "எவ்வளவு எதிர்பார்க்கறீங்க?" என்று அங்கே யாரும் கேட்பதில்லை. எண் ஊருக்கே தெரியும். எத்தனையோ வீடுகளில் முதல் தலைமுறைப் பெண்கள் அலுவலகப் படியேறியது இந்த லோயர், ஹையர் தாள்களைப் பிடித்துக்கொண்டுதான். அந்த வாசல் எவ்வளவு குறுகலாகிவிட்டது என்பதையும் சொல்ல வேண்டும். 2024 குரூப் 4 தேர்வில் அறிவித்த இடங்கள் 6,244. விண்ணப்பித்தவர்கள் 20 லட்சத்துக்கும் மேல்.

அந்த வாசலில் இடம் கிடைக்காதவர்களுக்குக் கம்ப்யூட்டர் நெட்வொர்க்கிங் இன்னொரு மாடிப்படியாகத் தெரிந்தது. கருவி செய்யும் நிறுவனமே சான்றிதழ் கொடுக்கும் பழக்கத்தை 1980களின் கடைசியில் நோவெல் பிரபலப்படுத்தியது. சிஸ்கோ 1993இல் கொண்டுவந்த சிசிஐஇ, ஏற்கெனவே வேலையில் ஊறியவர்களுக்கான தேர்வு. 1998இல் வந்த சிசிஎன்ஏதான் கீழ்ப்படியில் நிற்பவர்களுக்கானது. இந்தியாவில் பொது இணையம் வந்தது 1995 ஆகஸ்ட் 15. தனியார் இணையச் சேவைக்குக் கதவு திறந்தது 1998. ஆக, சான்றிதழும் சந்தையும் இங்கே கிட்டத்தட்ட சேர்ந்தே வந்தன. தந்தித் துறை தன் செலவில் பழக்கிய ஆளை, இப்போது ஆளே தன் செலவில் பழகிக்கொண்டு வருகிறார். கருவி விற்பவருக்கு லாபம், ஏனென்றால் அவர் பெட்டியைத் தெரிந்த ஆட்கள் ஊரெல்லாம் இருப்பார்கள். வேலை கொடுப்பவருக்கும் லாபம், பயிற்சிச் செலவு மிச்சம். மூன்றாவது ஆள் மட்டும்தான் காசு வைத்து ஆடுகிறார்.

எவ்வளவு காசு? சிசிஎன்ஏ தேர்வுக் கட்டணம் 300 டாலர். இன்றைய மாற்று விலையில் வரி சேர்க்காமலே 24,000 ரூபாய்க்கு மேல். அமெரிக்காவில் புதிதாகச் சேர்ந்த டெக்னீஷியனுக்கு இது இரண்டு மூன்று நாள் சம்பளம். இங்கே முதல் வேலைக்காரருக்கு ஒரு மாதச் சம்பளத்தையே விழுங்கக்கூடிய தொகை. கோச்சிங் ஃபீஸ் தனி. மூன்று வருஷத்தில் சான்றிதழ் காலாவதி, திரும்பப் புதுப்பிக்க வேண்டும். கேள்விகளை அப்படியே மனப்பாடம் செய்ய வைக்கும் 'டம்ப்ஸ்' வியாபாரம் இதன் பக்கத்திலேயே வளர்ந்தது. அதனால் நேர்மையாகப் படித்துத் தேறியவரையும் வேலை கொடுப்பவர் சந்தேகத்தோடுதான் பார்க்கிறார். தட்டச்சில் ஏமாற்ற முடியாது, விரல் காட்டிக்கொடுத்துவிடும்.

இன்னொரு பக்கம் ஆட்கள் பெருகினார்கள். 1984இல் எம்.ஜி.ஆர். ஆட்சி சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளுக்கு அனுமதி கொடுத்தது. 2010களில் தமிழ்நாட்டில் பொறியியல் கல்லூரிகளின் எண்ணிக்கை ஐந்நூறைத் தாண்டியது. பெரிய ஐடி சேவை நிறுவனங்களில் புதியவர் சம்பளம் 2010 வாக்கில் ஆண்டுக்கு மூன்று, மூன்றரை லட்சம். பத்துப் பன்னிரண்டு வருஷம் கழித்தும் ஏறக்குறைய அங்கேயேதான் நின்றது. அதற்குள் விலைவாசி இரட்டிப்பைத் தொட்டிருந்தது. 2024 ஆகஸ்டில் காக்னிசன்ட் புதியவர்களுக்கு அறிவித்த 2.52 லட்சம் இணையத்தில் பெரும் கேலிக்குள்ளானது. அது பொறியியல் அல்லாத பட்டதாரிகளுக்கான தொகை, பொறியாளர்களுக்கு 4 லட்சத்திலிருந்து 12 லட்சம் வரை என்று நிறுவனம் விளக்கம் கொடுத்தது. விளக்கம் சரிதான். ஆனால் தலைச்சோலையிலிருந்து பிஎஸ்சி முடித்துவிட்டு இறங்கும் பிள்ளைக்கு அந்த 2.52தான் பொருந்தும்.

அதைப் பிரித்துப் பார்ப்போம். பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 21,000. சிடிசி என்ற கணக்கில் நிறுவனம் கட்டும் பிஎஃப் பங்கு, காப்பீடு, சில இடங்களில் கிராஜுவிட்டி வரைக்கும் உள்ளே அடங்கியிருக்கும். நம் பங்கு பிஎஃப்பும் பிடித்தால் கையில் 18,000 பக்கம் வரலாம். நெட்வொர்க் கண்காணிப்பு இரவு பகல் ஷிப்ட். இரவு இரண்டு மணிக்கு ஷிப்ட் முடித்து இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி வீட்டுக்குப் போக முடியாது. எனவே பெங்களூரானாலும் சேலமானாலும் பிஜி வாடகை, சாப்பாடு. மிச்சத்தில் வீட்டுக்கு அனுப்ப வேண்டும். மறுபடி அந்தத் தட்டச்சரின் 19,500 பிளஸ் அகவிலைப்படியை நினைத்துக்கொள்ளுங்கள்.

இதோடு முடிந்தால்கூடப் பரவாயில்லை. பயிற்சிச் செலவைக் கற்பவர் ஏற்றுக்கொண்டால், வெளியேறும் உரிமையாவது அவரிடம் இருக்க வேண்டும். இன்று இரண்டுமே அவரிடம் இல்லாத இடங்கள் இருக்கின்றன. சொந்தக் காசில் சான்றிதழ் வாங்கி வந்தவரிடமும் சர்வீஸ் பாண்டில் கையெழுத்து. சீக்கிரம் விட்டுப் போனால் பணம் கட்டு. அடுத்த நிறுவனம் ரிலீவிங் லெட்டர் கேட்கும், அதைத் தர வேண்டியவர் பழைய நிறுவனம். துண்டுச் சீட்டை நினைவுபடுத்தாமல் இதைப் பார்க்க எனக்கு முடியவில்லை.

ஒப்பீட்டை நீட்டிவிடவும் கூடாது. இன்று யாரையும் கடுங்காவலில் போட முடியாது. பாண்டை மீறுவது சிவில் விவகாரம், நியாயமான இழப்பீடு மட்டுமே கேட்க முடியும் என்பது ஒப்பந்தச் சட்டத்தின் 74ஆம் பிரிவு. அதே நேரம் பாண்டே செல்லாது என்று நினைப்பதும் தப்பு. 2025 மே மாதம் விஜயா வங்கி வழக்கில், மூன்று வருஷத்துக்குள் விலகினால் 2 லட்சம் கட்ட வேண்டும் என்ற நிபந்தனையை உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. பொதுத்துறை வங்கி திரும்ப ஆள் எடுக்க ஆகும் செலவு அங்கே ஒரு முக்கிய காரணமாக இருந்தது. ஆகவே கேட்க வேண்டிய கேள்வி நேரானது: எனக்காக நீங்கள் செலவழித்தது என்ன? செலவே செய்யாதவர் போடும் பாண்டுக்கு, கங்காணி முன்பணத்துக்கு இருந்த நியாயம்கூடக் கிடையாது. அவராவது ரூபாயைக் கையில் வைத்தார்.

அப்படியானால் எவ்வளவு எதிர்பார்க்கலாம்? ஊருக்கு ஒரு எண் சொல்வதைவிட, எண்ணை எப்படிக் கட்டுவது என்று சொல்லலாம். வாடகை, சாப்பாடு, வீட்டுக்கு அனுப்புவது முதலில். தேர்வுக் கட்டணம் 25,000 என்று வைத்து, சான்றிதழின் ஆயுளான 36 மாதத்தால் வகுத்தால் மாதம் எழுநூறு ரூபாய். அதையும் சேருங்கள், அது உங்கள் முதலீடு. பிறகு சிடிசியைக் கேட்காமல் கையில் வரும் தொகையைக் கேளுங்கள், இரவு ஷிப்ட் படி தனியா என்று கேளுங்கள், புதுப்பிக்கும் செலவை நிறுவனம் ஏற்குமா என்று கேளுங்கள். சம்பளத்தை உயர்த்த மறுப்பவர்கள்கூடச் சில சமயம் கடைசிக் கேள்விக்குச் சம்மதிப்பார்கள்.

2024 செப்டம்பரில் மலையடிவாரத்துப் பக்கம், கருப்பூரில் மினி டைடல் பூங்கா திறந்தார்கள். தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளுக்கும் கண்ணாடியிழைக் கம்பி கொண்டுபோவது பாரத்நெட் திட்டத்தின் இலக்கு. தலைச்சோலையும் அதில் அடக்கம். மழைக்காலத்தில் மரம் விழுந்து அந்தக் கம்பி அறுந்தால் யாராவது போய்ச் சரிசெய்ய வேண்டும். மலை தெரிந்த, கம்பியும் தெரிந்த ஆள் அதற்கு வேண்டும். அந்த ஆளைப் பழக்கும் செலவை யார் தலையில் வைக்கப்போகிறோம் என்பதை இப்போதே பேசிவிடுவது நல்லது. இருநூறு வருஷத்துக்கு முன்னால் காப்பி வந்தபோது யாரும் பேசவில்லை.