வெற்றுக் குழாய்

என் பெறாமகள் இலண்டனில் தொல்மரபணு ஆய்வு பயிலத் தொடங்கி ஒரு வருடமாகிறது. அவளிடம் நான் கேட்ட முதற் கேள்வி நம்மவர் எல்லோரும் கேட்பதுதான்: "எங்கட ஆக்கள் எங்கயிருந்து வந்தவை எண்டு இனிக் கண்டுபிடிச்சிடுவீங்களோ?"

அவள் சிரித்தாள். "சித்தப்பா, நான் இன்னும் மாட்டெலும்பிலதான் பழகிறன். அதிலயும் முக்கால்வாசி நேரம் துடைக்கிற வேலைதான்."

துடைப்பதுதான் அந்தப் படிப்பின் அரிச்சுவடி. உயிர் போனபின் மரபணு இழை அறுந்து சிறு துண்டுகளாகிவிடும். பல்லாயிரம் ஆண்டுகளுக்குப் பின் எஞ்சுவது அற்பம். ஆய்வாளரின் எச்சில் துளி ஒன்று அதை மூழ்கடித்துவிடும். ஆகவே உடல் முழுதும் மூடிய உடை, முகமூடி, இரட்டைக் கையுறை. மரபணுவைப் பெருக்கும் அறைக்குள் போனவர் அன்று திரும்பவும் தூய அறைக்குள் வரக்கூடாது. தொல்புரதம் ஆராயும் இடத்தில் கம்பளிச் சட்டையும் ஆகாது. கம்பளியே ஒரு புரதம். இலண்டன் குளிரில் இது சின்னத் தண்டனை அல்ல.

இந்தக் கண்டிப்பு தோல்விகளில் பிறந்தது. 1993இல் 'ஜுராசிக் பார்க்' படம் வந்தது. அதே ஆண்டில், 12 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட அம்பர்ப் பிசினில் சிக்கிய வண்டிலிருந்து மரபணு எடுத்ததாக ஆய்வுக் கட்டுரையொன்றும் வெளியானது. 1994இல் டைனோசர் மரபணு கிடைத்ததாக இன்னொன்று. அது மனித மரபணு என்று மறு ஆண்டே காட்டப்பட்டது. சவுத் கென்சிங்டனிலுள்ள இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் ஆய்வாளர்கள் அம்பர்ப் பூச்சிகளிலே அந்தச் சோதனையைத் திரும்பச் செய்து பார்த்தார்கள். பழைய மரபணு எதுவும் வரவில்லை. 1997இல் அதை அப்படியே எழுதி வெளியிட்டார்கள். "எங்களுக்குக் கிடைக்கவில்லை" என்று சொன்ன அந்தக் கட்டுரை இத்துறைக்குச் செய்த உபகாரம் பெரிது.

இருபது ஆண்டுகளுக்குப் பின் அதே அருங்காட்சியகத்துக்கு நல்ல விளைச்சல் கிடைத்தது. 1903இல் சமர்செட் குகையொன்றில் கண்டெடுக்கப்பட்ட 'செடார் மனிதன்' சுமார் 10,000 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தவன். காதின் உட்பகுதியைச் சூழ்ந்த கெட்டியான எலும்பைத் துளையிட்டு எடுத்த தூளிலிருந்து அவனுடைய மரபணு வாசிக்கப்பட்டது. கருமையான தோலும் வெளிர்நிறக் கண்களும் அவனுக்கு இருந்திருக்கலாம் என்று 2018இல் அறிவித்தார்கள். இங்கிலாந்தின் ஆதிக்குடி வெள்ளையர் என்று நினைத்திருந்த பலர் திகைத்துப் போனார்கள்.

குளிர்ந்த குகை அவனைக் காத்தது. நம் மண் வெக்கை மண். ஹரியானாவின் ராகிகடியில் 61 எலும்பு மாதிரிகளைச் சோதித்ததில், ஒரேயொரு பெண்ணிடமிருந்துதான் மரபணுத் தொகுதியைக் கட்டியெழுப்ப முடிந்தது. 2019இல் அது வெளியானது. ஆதிச்சநல்லூர்த் தாழிகள் அதைவிடச் சூடான நிலத்தில் கிடந்தவை. அங்கிருந்து 1876இல் யாகோர் என்ற ஜெர்மானியர் பொருள்களை பெர்லினுக்குக் கொண்டுபோனார். பின்னர் அலெக்சாண்டர் ரீ அகழ்ந்தார். வருங்காலத்தில் ஒருவர் அந்த எலும்பைத் தூளாக்கிப் படிக்கக்கூடும் என்று அக்காலத்தில் எவர் நினைத்தார்? இன்று கீழடிக்கு அருகே கொந்தகைத் தாழிகளின் எலும்புகளை மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தினர் ஆராய்கிறார்கள். மரபணு அழிந்த இடத்தில் புரதம் நின்றுபிடிப்பதுண்டு. பல் எனாமலிலுள்ள புரதத்தைக் கொண்டு இறந்தவர் ஆணா பெண்ணா என்று சொல்லலாம். எலும்பின் கொலாஜனைக் கொண்டு ஆடா மாடா என்று பிரிக்கலாம். ஆனால் எடுத்த தூள் எடுத்ததுதான். பதில் தவறானால் அதே தூளைத் திரும்பக் கேட்க முடியாது.

போன மாதம் அவள் தன் குறிப்பேட்டைக் காட்டினாள். எல்லா மாதிரி வரிசையிலும் ஒரு குழாய் வெறுமையாக இருந்தது. எலும்புத் தூள் இல்லை. மற்றக் குழாய்களுக்குச் செய்யும் எல்லா வேலையும் அதற்கும் செய்வார்கள். அதில் மரபணு தெரிந்தால், அது எலும்பினுடையதல்ல, வெளியிலிருந்து வந்தது. அந்த வரிசை முழுவதையும் சந்தேகிக்க வேண்டும்.

"ரெண்டு தரம் எனக்கு அதில மனிச மரபணு வந்திட்டுது," என்றாள். "மாட்டெலும்பு வேலையில!"

"பிறகு என்ன செய்தனீ?"

"எழுதி வைச்சிட்டுத் திரும்பத் தொடங்கினன்."

நம்மிடையே வரலாறு பேசும் மேடைகளை நினைத்துக்கொண்டேன். எவர் மூத்தவர், எவர் வந்தேறி என்று ஊரிலும் இங்கும் பொழுதெல்லாம் வாதிடுகிறோம். நாம் விரும்பும் பதிலை நாமே எலும்புக்குள் வைத்துவிட்டு, பின் அதைக் கண்டுபிடித்ததாகச் சொல்கிறோமா என்று சோதிக்க நம்மிடம் வெற்றுக் குழாய் ஏதும் இல்லை. நாற்பது வருடம் வரலாறு படிப்பித்த நான் ஒரு பிள்ளைக்கேனும் அதைச் சொல்லிக்கொடுத்ததாக நினைவில்லை.

அவளிடம் அந்த முதற் கேள்வியை நான் திரும்பக் கேட்கவில்லை. "அடுத்த தரம் குழாய் வெறுமையாய் வந்தால் சொல்லு," என்றேன். அவள் தலையாட்டினாள்.