ஐபி முகவரிக் கட்டுப்பாடு

ஐபி முகவரிக் கட்டுப்பாடு என்பது, ஒரு கணினிச் சேவையை நாடிவரும் இணைப்பு எந்த முகவரியிலிருந்து புறப்பட்டது என்பதைப் பார்த்து, முன்னரே வகுத்த பட்டியலின்படி அதை ஏற்கும் அல்லது மறுக்கும் பாதுகாப்பு முறையாகும். வீட்டிலும் வெளியூரிலும் இருந்து பணிபுரிவோர் நிறுவனத்தின் சர்வர்களை அடையும் வழிகளைக் குறைக்க இது பயன்படுகிறது.

வரலாறு

ஐபி நெறிமுறையின் நான்காம் பதிப்பு 1981 செப்டம்பரில் வரையறுக்கப்பட்டபோது, ஒவ்வொரு தரவுப் பொட்டலத்திலும் அனுப்பும் கணினியின் முகவரி இடம்பெற்றதே தவிர, அது மெய்யானதா எனச் சரிபார்க்கும் ஏற்பாடு சேர்க்கப்படவில்லை. 1983இல் வெளிவந்த 4.2 பிஎஸ்டி இயங்குதளமோ, நம்பகமானவை எனக் குறிக்கப்பட்ட கணினிகளிலிருந்து வருவோரைக் கடவுச்சொல் கேட்காமலே உள்ளே விட்டது. முகவரியைப் போலியாக இட்டு இதை ஏமாற்றலாம் என ராபர்ட் மோரிஸ் 1985இலும் ஸ்டீவன் பெல்லோவின் 1989இலும் எழுதினர். 1994 டிசம்பர் 25 அன்று பாதுகாப்பு வல்லுநர் சுட்டோமு ஷிமோமுராவின் கணினிகளில் நிகழ்ந்த ஊடுருவல் அவர்கள் கூற்றை மெய்ப்பித்தது.

இதற்கிடையே நெதர்லாந்தின் ஐந்தோவன் பல்கலைக்கழகத்தில், கோப்புகளை அழித்துவந்த ஊடுருவாளர் ஒருவரைக் கண்காணிக்க வீட்சே வெனேமா 1990இல் டிசிபி ராப்பர் என்னும் நிரலை எழுதினார். அது அனுமதிக் கோப்பை முதலிலும் மறுப்புக் கோப்பைப் பின்னரும் படித்து, இரண்டிலும் இல்லாத முகவரிக்கு வழிவிட்டது. ஆதலால் மறுப்புக் கோப்பில் ‘ஆல்: ஆல்’ என்ற ஒரே வரியால் அனைவரையும் தடுத்து, வேண்டியோரை மட்டும் அனுமதிக் கோப்பில் சேர்ப்பது நிர்வாகிகளின் வழக்கமாயிற்று.

வகைகள்

அனுமதிப் பட்டியல், தடைப் பட்டியல், நாடுவாரி வடிகட்டல் என இது மூவகைப்படும். இவற்றுள் அனுமதிப் பட்டியலே உறுதியானது. முகவரித் தொகுதிகள் 1993இல் வகுக்கப்பட்ட சாய்கோட்டு முறையில் குறிக்கப்படுகின்றன: 203.0.113.24/32 என்பது ஒரேயொரு முகவரியையும், 203.0.113.0/24 என்பது 256 முகவரிகளையும் சுட்டும்.

தொலைநிலைக் குழுக்களில்

வீட்டு இணைப்பின் முகவரி அடிக்கடி மாறுவதோடு, பல சந்தாதாரர்கள் ஒரே பொது முகவரியைப் பகிர்ந்துகொள்வதும் உண்டென்பதால், அதை நேரடியாகப் பட்டியலில் சேர்த்தால் அயலாருக்கும் வழி திறக்கும். எனவே ஊழியர்கள் விபிஎன் வழியாக நிறுவனத்தின் நிலையான முகவரிக்குக் கொண்டுவரப்பட்டு, அம்முகவரி மட்டுமே அனுமதிக்கப்படுகிறது.

இருப்பிடத்தை மட்டும் கொண்டு எவரையும் நம்பலாகாது என்று அமெரிக்காவின் நிஸ்ட் நிறுவனம் 2020 ஆகஸ்டில் வெளியிட்ட ஆவணம் வலியுறுத்துவதால், இக்கட்டுப்பாடு இன்று இரட்டைச் சரிபார்ப்புடன் சேர்த்தே கையாளப்படுகிறது.