குளமும் கடைவீதியும்: வன்னியின் நிலவமைப்பு மரபு

ஊர்ப்பெயர்கள் ஒரு நிலத்தின் வரலாற்றை உணர்த்தும் சான்றுகளாகும். கண்டி வீதி வழியே வவுனியாவிலிருந்து வடக்கு நோக்கிச் செல்வோர் புளியங்குளத்தையும் மாங்குளத்தையும் கடந்து கிளிநொச்சியை அடைவர். முன்னைய இரண்டும் ஒரு மரத்தையும் ஒரு குளத்தையும் இணைத்தெழுந்த பெயர்கள். மூன்றாவதில் நொச்சி ஒலிக்கின்றது. இன்று இவை வணிகம் நிகழும் ஊர்கள். மரத்தையும் நீரையும் ஒருங்குவைத்துக் குடியிருப்பமைத்த பழைய மரபு, வணிக வளாகங்கள் எழும் இக்காலத்துக்கு எவ்வாறு பயன்படும் என்பதே ஈண்டு ஆராயப்படுகின்றது.

வன்னி உலர்வலயத்தைச் சார்ந்தது. ஆண்டு மழையின் பெரும்பகுதி ஐப்பசி தொடங்கி மார்கழி வரையுள்ள மாரியிலேயே பெய்து தீர்கின்றது. பின்னர்ச் சோளகக் காற்று வீசும் நெடுங்கோடை. ஆதலின், சில வாரங்களிற் பெய்யும் நீரைப் பல மாதங்களுக்குத் தேக்கிவைத்தலே இங்கு வாழ்வின் முதற்பணியாயிற்று. ஒரு குளத்தின் வான் பாய்ந்து அடுத்த குளத்தை நிரப்பும் வண்ணம் குளங்கள் தொடராக அமைந்தன. அலைகரையில் நின்ற மரங்கள் காற்றைத் தடுத்து நீர் ஆவியாதலைக் குறைத்தன. அங்கு வளர்ந்த புல்லும் பற்றையும் வண்டலை வடித்தன. கட்டின் கீழ்ப்புறத்து மரச்செறிவு கசியும் நீரின் உவர்ப்பை வயலுக்குச் செல்லாது தடுத்தது. இவ்வாறு ஒவ்வொரு மரத்துக்கும் ஒரு தொழில் இருந்தது. அழகு அத்தொழிலின் பயனாக வந்ததேயன்றித் தனியே தேடப்பட்டதன்று. இலங்கை உலர்வலயத்தின் இத்தொடர்க்குள முறையை 2017இல் ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய அமைப்பு உலக முக்கியத்துவம் வாய்ந்த வேளாண் மரபுரிமையாக ஏற்றுக்கொண்டமை குறிப்பிடத்தக்கது.

இம்மரபு இடையறாது வந்ததன்று. ஜே. பி. லூயிஸ் 1895இல் வெளியிட்ட வன்னி மாவட்டங்கள் பற்றிய கைந்நூல், குடிகள் குன்றிக் காடு மூடிய ஒரு நிலத்தையே நமக்குக் காட்டுகின்றது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கனகராயன் ஆற்றை மறித்து இரணைமடுக்குளம் கட்டப்பட்டது. 1930களிற் குடியேற்றம் நிகழ்ந்து கிளிநொச்சி வளர்ந்தது. எனவே அந்நகர் ஒரு குளத்தின் குழந்தை எனலாம். 2009இல் முடிவுற்ற போரில் அது முற்றாகச் சிதைந்து, பின்னர் மீண்டும் எழுந்தது.

மீண்டெழும் நகரில் கடைமுற்றத்தைக் கொங்கிறீற்றால் மூடுதல் எளிது, புழுதியும் எழாது. ஆனால் மூடிய முற்றத்தில் மழை நிலத்துள் இறங்குவதில்லை. கோடையில் அதன் வெம்மையும் தணிவதில்லை. 2018 டிசெம்பரில் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் பெருவெள்ளத்துக்குள்ளாயின. அதற்குப் பெருமழையே முதற்காரணம். கடைமுற்றங்கள்மேல் அப்பழியைச் சுமத்துதல் பொருந்தாது. எனினும் நீர் செல்லும் வழியையும் தங்கும் இடத்தையும் அறியாது கட்டுதல் தகாதென்பதை அவ்வெள்ளம் உணர்த்திற்று.

வணிகக் கட்டடம் நிலத்தோடு இயைந்து நிற்றல் இயலாததன்று. தம்புள்ளைக்கு அருகே, கந்தளமக் குளத்தை நோக்கி ஜெப்ரி பாவா வடிவமைத்த விடுதி 1994இல் திறக்கப்பட்டது. குளத்துக்குக் கேடு விளையுமென அஞ்சிய மக்கள் முன்னரே எதிர்ப்புத் தெரிவித்திருந்தனர். பாறையை ஒட்டி எழுந்த அக்கட்டடத்தைக் கொடிகளும் மரங்களும் இன்று போர்த்தி நிற்கின்றன. மக்களின் அச்சமும் கலைஞனின் அடக்கமும் ஒருங்கே நினைக்கற்பாலன.

வன்னியின் வணிகர்க்குப் பெருஞ்செலவு வேண்டுவதில்லை. ஆண்டு முழுதும் மழை பெறும் இங்கிலாந்துக்கு ஏற்ற புற்றரையை இங்கு வளர்ப்பின், கோடையிற் கிணற்று நீரை அதற்கே இறைக்க நேரும். அதற்கு மாறாக, வேலிக்கு நொச்சியும், நிழலுக்கு வேம்பும் புளியும், ஈரம் தங்கும் தாழ்நிலத்துக்கு மருதும் நடலாம். முற்றத்தின் ஒரு பகுதியை மண்ணாகவே விட்டு, கூரைநீரை அங்கு செலுத்தலாம். அம்முற்றம் சிறு அலைகரையாகும்; மிகும் நீர் வாய்க்கால் வழியே குளத்தைச் சேரும்.

முன்னோர் தம் ஊரை மரத்தாலும் குளத்தாலும் பெயரிட்டனர். அப்பெயரைப் பலகையில் எழுதிக் கடைமுகப்பில் தொங்கவிடுவோர், பெயர் குறிக்கும் பொருளையும் கடையின் முற்றத்திற் காத்தல் கடனாகும். குளம் தூர்ந்து மரமும் வீழ்ந்தபின் எஞ்சுவது பெயர் மட்டுமே.