குழந்தைக்கு டைப் 1 சர்க்கரை நோயா? ஊசி மட்டும் போதாது... வீடும் பள்ளியும் தெரிஞ்சுக்க வேண்டியவை!

சர்க்கரை நோய் என்றாலே பெரியவங்களுக்கு வர்றதுனுதான் நினைக்கிறோம். ஆனால் பால்வாடிக்குப் போகும் குழந்தைக்கும் அது வரலாம். அதுதான் டைப் 1. இந்தக் குழந்தைகளுக்கு இன்சுலின்தான் உயிர். நேரத்துக்கு ஊசி போடுவது, சாப்பாட்டைக் கவனிப்பது, மயங்கும்போது உதவுவது என எல்லாவற்றையும் ஒரு அம்மாவால் மட்டும் செய்துவிட முடியாது. காஞ்சிபுரம் போன்ற நெசவு ஊர்களில் இது இன்னும் சிரமம். என்ன செய்யலாம்? விரிவாகப் பார்க்கலாம்.

டைப் 1 என்றால் என்ன?

நம் உடலின் எதிர்ப்பு சக்தியே, கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்களைத் தவறுதலாக அழித்துவிடுகிறது. அதனால் இன்சுலின் கிட்டத்தட்ட சுரப்பதே இல்லை. இனிப்பு அதிகம் சாப்பிட்டதால் வருவது இல்லை. அம்மா வளர்ப்பு சரியில்லை என்பதாலும் இல்லை. தொட்டால் ஒட்டிக்கொள்ளும் நோயும் இல்லை.

1922 ஜனவரியில் கனடாவின் டொராண்டோவில் லியோனார்ட் தாம்சன் என்ற 14 வயது சிறுவனுக்குத்தான் முதன்முதலில் இன்சுலின் செலுத்தப்பட்டது. அதற்கு முன்பு இந்த நோய் வந்த குழந்தைகள் பிழைப்பதே அரிது. இன்று இன்சுலின் இருந்தால் மற்ற குழந்தைகளைப் போலவே படிக்கலாம், விளையாடலாம், வேலைக்குப் போகலாம்.

எப்படிக் கண்டுபிடிப்பது?

அடிக்கடி சிறுநீர், அடங்காத தாகம், நல்லா சாப்பிட்டும் எடை குறைவது, சோர்வு. படுக்கையில் சிறுநீர் போவதை நிறுத்திய குழந்தை மறுபடி போக ஆரம்பிப்பதும் ஓர் அறிகுறி. வாந்தி, வயிற்று வலி, வேகமான மூச்சு, மூச்சில் பழ வாசனை இருந்தால் ஒரு மணி நேரம்கூட தாமதிக்கக் கூடாது. உடனே மருத்துவமனைதான்.

நெசவு வீட்டில் என்ன சிக்கல்?

காஞ்சிபுரத்தில் பல குடும்பங்களுக்கு வீடுதான் தொழிற்கூடம். உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம் என வரும் கோர்வைச் சேலைக்கு, நெசவாளர் பக்கத்தில் உட்கார்ந்து கரை நாடாவைத் தள்ள இன்னொருவர் வேண்டும். இருவரில் ஒருவர் குழந்தையோடு ஆஸ்பத்திரிக்குப் போனால் தறி நின்றுவிடும். சேலைக்கு இவ்வளவு என்று கூலி வாங்கும் வீட்டில், தறி நின்ற நாளுக்கு வருமானம் இல்லை.

இதனால்தான் 'அடுத்த வாரம் போய்க்கலாம்' என்ற பேச்சு வருகிறது. ஆனால் டைப் 1 குழந்தைக்கு இன்சுலினை நிறுத்தினால் சில நாட்களிலேயே உயிருக்கு ஆபத்து. காய்ச்சல் வந்து சாப்பிடாத நாளிலும் மருத்துவரைக் கேட்காமல் ஊசியை நிறுத்தக் கூடாது. நாட்டு மருந்து தருகிறேன், ஊசி வேண்டாம் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். வீட்டில் குறைந்தது இரண்டு பேராவது ஊசி போடவும், ரத்தச் சர்க்கரை பார்க்கவும் கற்றுக்கொள்ளுங்கள். பாட்டி, சித்தப்பா, பக்கத்து வீட்டு அக்கா என யாராக இருந்தாலும் சரி.

ஃப்ரிட்ஜ் இல்லையா?

திறக்காத இன்சுலினை 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும். ஃப்ரீசரில் வைக்கவே கூடாது, உறைந்த மருந்து பயன்படாது. ஃப்ரிட்ஜ் இல்லாத வீட்டில் ஒரு பெரிய மண்பானைக்குள் சின்னப் பானையை வைத்து, நடுவில் ஈர மணல் நிரப்புங்கள். மருந்தைத் தண்ணீர் புகாத டப்பாவில் போட்டு சின்னப் பானைக்குள் வைத்து மூடுங்கள். இது ஃப்ரிட்ஜ் அளவுக்குக் குளிராது. ஆனால் வெயில் காலத்தில் மருந்து கெடாமல் இருக்க உதவும்.

திடீர்னு சர்க்கரை குறைந்தால்?

வியர்வை, கை நடுக்கம், கடும் பசி, உளறல், காரணமில்லாத கோபம் ஆகியவை அறிகுறிகள். அளவு 70-க்குக் கீழே போனால் உடனே 3 டீஸ்பூன் சர்க்கரை அல்லது குளுக்கோஸைத் தண்ணீரில் கலந்து கொடுங்கள். சின்னக் குழந்தை என்றால் மருத்துவர் சொன்ன அளவு. 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். ஏறவில்லை என்றால் இன்னொரு முறை கொடுங்கள். நினைவு இழந்திருந்தால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். ஒருக்களித்துப் படுக்க வைத்து 108-ஐ அழையுங்கள்.

வரதராஜப் பெருமாள் கோயில் கருட சேவை போன்ற நாட்களில் குழந்தை ரொம்ப தூரம் நடக்கும், சாப்பாடும் தள்ளிப்போகும். பையில் குளுக்கோஸ் கட்டாயம் இருக்கட்டும். பிரசாதமாகத் தரும் கோயில் இட்லியைச் சாப்பிடவே கூடாது என்பதில்லை. எவ்வளவு சாப்பிட்டால் எவ்வளவு இன்சுலின் என்று மருத்துவரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

பள்ளி என்ன செய்யணும்?

வகுப்பறையில் சர்க்கரை அளவு பார்க்க, ஊசி போட, இடையில் ஏதாவது சாப்பிட இந்தக் குழந்தைகளை அனுமதிக்க வேண்டும் என தேசிய குழந்தைகள் உரிமைகள் பாதுகாப்பு ஆணையம் 2023-ல் மாநிலங்களுக்குக் கடிதம் எழுதியது. பொதுத் தேர்வு அறைக்குள் சர்க்கரை மாத்திரை, பழம் எடுத்துச்செல்ல சிபிஎஸ்இ 2017-லேயே அனுமதி கொடுத்தது.

தமிழ்நாட்டு அரசுத் தொடக்கப் பள்ளிகளில் காலை உணவு கிடைக்கிறது. இங்கே ஒரு எச்சரிக்கை. வீட்டில் ஊசி போட்டுவிட்டு, சாப்பாடு பள்ளியில் என்று அனுப்பினால், இடையில் நேரமாகி சர்க்கரை இறங்கிவிடலாம். ஊசி எங்கேயோ சாப்பாடும் அங்கேயே. இதை வகுப்பு ஆசிரியரிடம் நேரில் பேசி முடிவு செய்யுங்கள்.

உதவி எங்கே?

அரசு மருத்துவமனைகளில் இன்சுலின் இலவசம். முதலில் காஞ்சிபுரம் அரசு தலைமை மருத்துவமனையில் கேளுங்கள். சிறப்பு சிகிச்சைக்கு சென்னை எழும்பூர் அரசு குழந்தைகள் நல மருத்துவமனை இருக்கிறது. உள்நோயாளியாகச் சேர்க்க நேர்ந்தால் முதலமைச்சர் காப்பீட்டு அட்டையை எடுத்துச்செல்லுங்கள். பெற்றோரை இழந்து பாட்டி, தாத்தாவிடம் வளரும் குழந்தை என்றால், 2025 செப்டம்பரில் தொடங்கிய அன்புக் கரங்கள் திட்டத்தில் மாதம் 2,000 ரூபாய் பெற விண்ணப்பிக்கலாம். கவனிக்க ஆளில்லாமல் தவிக்கும் குழந்தையைப் பார்த்தால் 1098-க்கு அழையுங்கள்.

கடைசியாக ஒன்று. ஒரு சின்ன அட்டையில் குழந்தையின் பெயர், 'எனக்கு டைப் 1 சர்க்கரை நோய்' என்ற வரி, வீட்டு போன் நம்பர், மயங்கினால் செய்ய வேண்டியது என எழுதி இன்றைக்கே புத்தகப் பையில் வையுங்கள். பெற்றோர் பக்கத்தில் இல்லாத நேரத்தில் அந்த அட்டைதான் பேசும்.