தவறுகளின் வழியே வளர்ந்த கோட்பாடு: பரஸ்பர விலக்கம், 1965–1981

முன்னுரை

பல செயல்முறைகள் ஒரே நினைவகத்தைப் பங்கிட்டுக்கொண்டு இயங்கும்போது எழும் சிக்கல்களை ஆராய்வது உடனிகழ்வுக் கோட்பாடு. பொதுத் தரவை ஒரு நேரத்தில் ஒரு செயல்முறை மட்டுமே தொடுவதை எப்படி உறுதிசெய்வது? அதன் அடிப்படைக் கேள்விகளுள் ஒன்றான இதற்குப் பரஸ்பர விலக்கம் என்று பெயர். முன்னோடிகளின் வெற்றிகளோடு அவர்களுடைய சறுக்கல்களும் இத்துறையை வளர்த்தன என்பதே இக்கட்டுரையின் துணிபு.

ஒரு பக்கத் தீர்வு

இரண்டு செயல்முறைகளுக்கான முதல் சரியான தீர்வு நெதர்லாந்துக் கணிதவியலாளர் டெக்கருடையது. எத்தனை செயல்முறைகள் இருந்தாலும் பொருந்தும் தீர்வை அதே நாட்டவரான எட்ஸ்கர் டெய்க்ஸ்ட்ரா 1965 செப்டம்பரில் ஏசிஎம் சங்கத்தின் 'கம்யூனிகேஷன்ஸ்' இதழில் வெளியிட்டார். கட்டுரை ஒரே பக்கம். எந்தச் செயல்முறை எவ்வளவு வேகத்தில் ஓடும் என்பதைப் பற்றி அதில் எந்த ஊகமும் இல்லை.

ஹைமனின் சறுக்கல்

இரண்டு செயல்முறைகளுக்கு இத்தனை சிக்கல் எதற்கு என்று ஹாரிஸ் ஹைமன் 1966இல் அதே இதழில் எளிய அல்காரிதம் ஒன்றைத் தந்தார். பொதுத் தரவைத் தொடும் பகுதிக்கு உள்ளே போக விரும்பும் செயல்முறை தன் கொடியை உயர்த்தும். இப்போது யாருடைய முறை என்பதை ஒரு பொது மாறி குறிக்கும்; முறை தன்னுடையதானால் நுழையும். இல்லையேல், மற்றதன் கொடி இறங்கும்வரை காத்திருந்து, முறையைத் தன் பெயருக்கு மாற்றிக்கொண்டு நுழையும்.

முறை 'அ'வுடையது என்று கொள்வோம். 'ஆ' கொடியை உயர்த்துகிறது. 'அ'வின் கொடி இறங்கியிருப்பதைப் பார்க்கிறது. முறையை மாற்றி எழுதுவதற்குள் 'அ' தன் கொடியை உயர்த்தி, முறை தன்னுடையதே என்பதால் உள்ளே போய்விடுகிறது. அடுத்த கணம் 'ஆ' முறையை மாற்றிக்கொண்டு தானும் நுழைகிறது. இப்போது இரண்டும் உள்ளே! பார்ப்பதற்கும் எழுதுவதற்கும் நடுவே உள்ள இந்த இடுக்கு, ஆயிரம் முறை ஓட்டிப் பார்த்தாலும் அகப்படாமல் போகலாம்.

டொனால்டு நூத் அதே ஆண்டில் இப்பிழையைச் சுட்டினார். டெய்க்ஸ்ட்ராவின் தீர்விலும் ஒரு செயல்முறை முடிவின்றிக் காத்துக் கிடக்க நேரலாம் என்று காட்டி, அந்தக் குறையில்லாத தீர்வையும் தந்தார்.

டோக்கன் முறை

லெஸ்லி லாம்போர்ட்டுக்கும் இச்சிக்கல் முதலில் எளிதாகவே தோன்றியது. அவசரமாக எழுதி அனுப்பிய அல்காரிதத்தில் பிழை இருப்பதாக மதிப்பீட்டாளர் திருப்பி எழுதினார். தன்மேலேயே எழுந்த கோபத்தில் உட்கார்ந்து அவர் உருவாக்கியதே 1974இல் வெளிவந்த பேக்கரி அல்காரிதம். கடையில் டோக்கன் வாங்குவதுபோல ஒவ்வொரு செயல்முறையும் மற்றவற்றின் எண்களைவிடப் பெரிய எண்ணை எடுத்துக்கொள்ளும். இரண்டுக்கு ஒரே எண் விழுந்தால், வரிசையில் முந்தைய செயல்முறைக்கு முன்னுரிமை. அந்தப் பிழையே, இத்தகைய அல்காரிதங்களை நிறுவிக்காட்டும் முறைகளின் பக்கமும் அவரைத் திருப்பியது.

முடிவுரை

1981இல் கேரி பீட்டர்சன் இரண்டு செயல்முறைகளுக்கு வெளியிட்ட தீர்வு மிகச் சுருக்கமானது. ஹைமனிடம் இருந்த அதே பொருள்கள்தாம்: இரண்டு கொடிகள், ஒரு முறை. ஆனால் ஹைமனின் செயல்முறை 'என் முறை' என்று எழுதிய இடத்தில், பீட்டர்சனுடையது கொடியை உயர்த்தியதும் 'உன் முறை' என்று எழுதிவிட்டுக் காத்திருக்கிறது. இரண்டும் ஒரே நேரத்தில் வந்தால், கடைசியாக எழுதியது வழிவிடும். இந்த இரண்டு அல்காரிதங்களையும் அருகருகே வைத்துப் படிக்கும் மாணவருக்கு, பீட்டர்சனின் அந்த ஒற்றை வரி ஏன் அப்படி எழுதப்பட்டது என்பதை ஹைமனின் பிழையே விளக்கிவிடும்.