பெயர், பங்கு, சொல்லுரிமை: 1838 திருவந்திபுரம் ஆடற்குழுவும் 2021 ‘எஞ்சாய் எஞ்சாமி’ விவாதமும்

ஆய்வுச் சுருக்கம்

வெகுமக்கள் இசையிலும் ஆடலிலும் எழும் பண்பாட்டு அபகரிப்பு பற்றிய விவாதங்கள் பெரும்பாலும் ‘கலைஞருக்கு உரிய புகழ் கிடைத்ததா?’ என்னும் ஒற்றை வினாவைச் சுற்றியே அமைகின்றன. 1838ஆம் ஆண்டு புதுச்சேரி வழியாகப் பாரிசுக்கு அழைத்துச் செல்லப்பட்ட திருவந்திபுரம் தேவதாசியர் குழுவின் வரலாறு இவ்வினா போதாது என்பதைக் காட்டுகிறது. அவர்களுக்குப் புகழ் குறைவின்றிக் கிடைத்தது, உரிமை கிடைக்கவில்லை. இந்நிகழ்வை 2021இல் வெளியான ‘எஞ்சாய் எஞ்சாமி’ பாடலைச் சுற்றி எழுந்த விவாதத்தோடு ஒப்பிடும் இக்கட்டுரை, புகழைப் பெயர், பங்கு, சொல்லுரிமை ஆகியவற்றிலிருந்து பிரித்துக் காணவேண்டும் என்று வாதிடுகிறது.

திறவுச்சொற்கள்: புதுச்சேரி, தேவதாசியர், பண்பாட்டு அபகரிப்பு, ரசிகப் பற்று, தனியிசை, பதிப்புரிமை

1. முன்னுரை

ஒரு சமூகத்தின் கலை வடிவத்தை, அச்சமூகத்தைவிட வலிமை மிக்க பிறர் எடுத்தாண்டு, அதன் பயனையும் பெருமையையும் தமதாக்கிக் கொள்வதே பண்பாட்டு அபகரிப்பு எனப் பொதுவாக விளக்கப்படுகிறது. இக்கருத்தாக்கம் அண்மைக்காலத்தது, அது சுட்டும் நிகழ்வு பழையது. தமிழ்ச் சூழலில் இதனைப் பேசுவோர் திரையிசையையும் நாட்டுப்புறப் பாடலையும் எடுத்துக்காட்டுவதே வழக்கம். புதுச்சேரியின் பிரெஞ்சுத் தொடர்பு நமக்கு இன்னும் முந்தைய சான்று ஒன்றை வழங்குகிறது. அச்சான்றில் இன்றைய விவாதத்தின் கூறுகள் அனைத்தும் உள்ளன. கலைஞர், ஏற்பாட்டாளர், இதழ்கள், பிரிந்து நிற்கும் ரசிகர்கள், மூலத்தை விஞ்சி வாழும் நகல் ஆகிய எல்லாவற்றையும் அதில் காணலாம். ஆகவே அதனை முதலில் விரிவாக நோக்குவது பொருந்தும்.

2. புதுச்சேரியிலிருந்து பாரிசுக்கு

கடலூரை அடுத்த திருவந்திபுரம் தேவநாதப் பெருமாள் கோயிலால் பெயர்பெற்ற வைணவத் தலம். அவ்வூரைச் சேர்ந்தோராக ஆய்வாளர்களால் அடையாளம் காணப்படும் ஐந்து ஆடல்மகளிரையும் மூன்று இசைக்கலைஞர்களையும் தார்திவேல் என்னும் பிரெஞ்சு நிகழ்ச்சி ஏற்பாட்டாளர் ஒப்பந்தம் செய்து 1838இல் பிரான்சுக்கு அழைத்துச் சென்றார். குழுவில் மூத்தவர் தில்லையம்மாள், முப்பது வயதினர். அம்மணிக்குப் பதினெட்டு வயது. ஏனைய மூவரும் சிறுமியர். அவருள் இளையவருக்கு வயது ஆறு.

பிரெஞ்சு இதழ்கள் இவர்தம் பெயர்களைத் தம் செவிக்கு எட்டியவாறு எழுதின. ‘சவுந்திரூன்’, ‘ராங்கூன்’, ‘வெய்தூன்’ என்று பதிவான பெயர்களைச் சௌந்தரம், ரங்கம், வேதம் என மீட்டு வாசிக்கலாம். இசைக்கலைஞர் ஒருவரின் பெயர் ‘தேவநாயகோர்ன்’ எனச் சிதைந்துள்ளது. தேவநாயகன் என்பது திருவந்திபுரத்து இறைவனின் திருப்பெயர் என்பதை நோக்க, குழுவினரின் ஊரைத் துணிவதற்கு இச்சிதைந்த பெயரே உதவுகிறது எனலாம். ‘அம்மணி’ என்பதோ பெயராகவும் மகளிரை மதிப்புடன் விளிக்கும் சொல்லாகவும் வழங்குவது.

ஐரோப்பியர் இவர்களை ‘பயாதேர்’ என்றே அழைத்தனர். இது ஆடுமகளைக் குறிக்கும் போர்த்துகீசியச் சொல்லின் பிரெஞ்சு வடிவம். இச்சொல்லுக்கு இவர்கள் வருமுன்பே ஐரோப்பாவில் ஒரு கற்பனை வாழ்வு இருந்தது. கதே 1797இல் பயாதேர் ஒருத்தியைப் பாத்திரமாக்கிக் கதைப்பாடல் இயற்றினார். அதனைத் தழுவிய ‘கடவுளும் பயாதேரும்’ என்னும் இசை நாடகம் ஒபேரின் இசையில் 1830இல் பாரிசு ஓபராவில் அரங்கேறியது. அதில் பயாதேராக ஆடியவர் மாரி தாக்லியோனி. திருவந்திபுரத்து மகளிர் பாரிசில் கால்வைத்தபோது, அவர்களைப் பற்றிய படிமம் அவர்களுக்கு முன்பே அங்கே வந்து அமர்ந்திருந்தது.

3. ரசிகர் பிரிவும் நகலின் வெற்றியும்

1838 ஆகஸ்டில் அக்குழுவினர் மன்னர் லூயி பிலிப்பின் முன்னிலையிலும் பின்னர் வரியேத்தே அரங்கிலும் ஆடினர். அக்டோபரில் இலண்டன் அடெல்ஃபி அரங்கில் ஆடினர். அதன்பின் ஐரோப்பாவின் வேறு நகரங்களுக்கும் சென்றனர். சிற்பி பார் அம்மணியின் ஆடல்நிலையை வெண்கலத்தில் வடித்தார். இதழ்கள் அவர்களின் நிறம், அணிகலன், பற்கள், உணவு ஆகியவற்றை நுணுகி வருணித்தன. ஆடையும் அணியும் அன்றாடப் பழக்கமும் செய்தியாவது இன்றைய புகழ்மாந்தர் பண்பாட்டின் இயல்பு. அவ்வியல்பு அன்றே முழுமையாக இயங்கியது.

பாரிசின் ஆடல் ரசிகர்கள் அக்காலத்தில் தாக்லியோனியின் பக்கமும் ஃபான்னி எல்ஸ்லரின் பக்கமுமாகப் பிரிந்திருந்தனர். கவிஞரும் விமரிசகருமான தெயோஃபில் கோத்தியே எல்ஸ்லரின் பக்கம் நின்றவர். தாக்லியோனியைக் கிறித்தவ நடனமணி என்றும் எல்ஸ்லரைப் புறச்சமய நடனமணி என்றும் வகைப்படுத்தியவரும் அவரே. அவர் ‘லா பிரெஸ்’ இதழில் அம்மணியை உள்ளம் உருகிப் பாராட்டினார். வேறு சிலர் ஏமாற்றம் அடைந்தனர். மேடையில் கண்டு பழகிய பயாதேர் போன்று மெய்யான ஆடல்மகள் மிதந்து செல்லாமல் தரையை மிதித்து ஆடியதே அவர்களின் குறை. மூலத்தை நகலால் அளந்து மூலத்தின்மேல் குற்றம் காணும் இப்போக்கு சிந்திக்கத்தக்கது.

பாராட்டியோரும் குறைகூறியோரும் ஒரு செய்தியில் ஒத்திருந்தனர். அரங்கைப் பற்றிய விவாதம் அம்மகளிரின் அழகு, மெய்ம்மை, விந்தை ஆகியவற்றைச் சுற்றியே சுழன்றது. கோயிலும் பாட்டும் நட்டுவாங்கமும் சேர்ந்த ஒரு கல்விமரபின் பயிற்சி பெற்றவர்கள் அவர்கள் என்ற அளவில் அவர்களிடம் எவரும் கற்க முற்படவில்லை.

பின்விளைவு மூலத்துக்கன்றி நகலுக்கே பயனளித்தது. கோத்தியே இருபது ஆண்டுகளுக்குப் பின் ‘சகுந்தலா’ என்னும் பாலேவுக்குக் கதை எழுதினார். 1858இல் பாரிசு ஓபராவில் அரங்கேறிய அதற்கு நடனம் அமைத்தவர் லூசியன் பெத்திபா. அவர்தம் தம்பி மாரியுஸ் பெத்திபா மின்குஸ் இசையில் அமைத்த ‘லா பயாதேர்’ 1877இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் அரங்கேறி இன்றளவும் உலக அரங்குகளில் ஆடப்பெறுகிறது. ஆங்கே இசை, அசைவு, கதை எதிலும் திருவந்திபுரத்துக்குப் பங்கில்லை. எஞ்சியது ‘பயாதேர்’ என்னும் சொல் மட்டுமே. அதுவும் தமிழ்ச்சொல் அன்று.

புதுச்சேரியின் நிலப்பரப்பிலும் இவ்வேற்றுமை தெரிகிறது. லாஸ்பேட்டை என்னும் ஊர்ப்பெயர் பிரெஞ்சு ஆளுநர் லா தெ லோரிஸ்தோனின் பெயரோடு தொடர்புபடுத்தி விளக்கப்படுகிறது. ஆளுநரின் பெயர் தமிழ் ஒலிப்புக்கு இசைந்து ஊராக நிலைபெற்றது. ஆடல்மகளிரின் பெயர்களோ பிரெஞ்சு ஒலிப்பில் சிதைந்து செய்தித்தாளில் ஒடுங்கின.

4. இடைப்பட்ட மாற்றம்: சதிர் பரதநாட்டியமானது

அபகரிப்பு அயலார் செயல் மட்டுமே எனக் கொள்வது வரலாற்றுக்குப் பொருந்தாது. 1932இல் சென்னை மியூசிக் அகாதெமியில் நிகழ்ந்த விவாதங்களை ஒட்டிச் சதிர் என்னும் ஆடலுக்குப் பரதநாட்டியம் என்னும் பெயர் பரவலாயிற்று. பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பயின்ற ருக்மிணி தேவி 1935இல் அடையாற்றில் அரங்கேறினார். அடுத்த ஆண்டு கலாக்ஷேத்திரத்தை நிறுவினார். 1947இல் சென்னை மாகாணம் தேவதாசி ஒப்படைப்புத் தடைச் சட்டத்தை இயற்றியது. பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரி அதன் எல்லைக்குள் அடங்கவில்லை.

பெண்களைப் பொட்டுக்கட்டும் முறையினின்று விடுவித்த இச்சட்டத்தின் தேவையை மறுப்பதற்கில்லை. ஆயினும் ஆடல் மதிப்புப் பெற்ற அதே காலத்தில், அதனைக் காத்து வந்த குடும்பங்களின் மகளிர் மேடையினின்று விலகினர். பாலசரசுவதி போன்ற சிலரே அம்மரபின் குரலாக நின்று, சிருங்காரத்தை நீக்கித் தூய்மை காணும் முயற்சியை மறுத்துரைத்தனர். 1838இல் ஆடல்மகளிர் காட்சிப்பொருளாயினர், கலை அயலாருக்கு எட்டவில்லை. 1930களில் கலை எட்டியது, ஆடல்மகளிர் மறைந்தனர். எதை யார் எடுத்தார் என்பது மாறியது. தீர்மானிக்கும் இடத்தில் மரபுக்குரியோர் இல்லாமை மாறவில்லை.

5. ‘எஞ்சாய் எஞ்சாமி’: புகழுக்குள் ஒரு மறைப்பு

2021 மார்ச்சு 7 அன்று ‘மாஜா’ என்னும் தனியிசைத் தளத்தின் வழியாக ‘எஞ்சாய் எஞ்சாமி’ வெளியானது. பாடியோர் தீ, அறிவு. பாடல் வரிகள் அறிவுடையவை. இசை சந்தோஷ் நாராயணன். ஒப்பாரியின் சாயலும் ராப்பும் கலந்த அப்பாடலின் ஊற்று, இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் தமிழகம் திரும்பிய அறிவின் பாட்டி வள்ளியம்மாளின் நினைவு. காணொளியில் அவரும் தோன்றுகிறார். 1964 அக்டோபரில் கையெழுத்தான சிறிமாவோ–சாஸ்திரி உடன்படிக்கை 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப வகைசெய்தது என்பதை இணைத்து நோக்கினால், இப்பாடல் ஒரு குடும்ப நினைவு என்பதோடு நில்லாது நிலமற்ற உழைப்பாளரின் வரலாற்றுப் பதிவாகவும் அமைவதை உணரலாம்.

2021 ஆகஸ்டில் ‘ரோலிங் ஸ்டோன் இந்தியா’ இதழின் அட்டையில் தீயும் ஷான் வின்சென்ட் டி பாலும் இடம்பெற்றனர், அறிவு இடம்பெறவில்லை. இயக்குநர் பா. இரஞ்சித் இதனை வெளிப்படையாகக் கண்டித்தார். பின்னர் அவ்விதழ் அறிவுக்குத் தனி இணைய அட்டை வெளியிட்டது. 2022 சூலை 28 அன்று சென்னையில் நடந்த சதுரங்க ஒலிம்பியாடு தொடக்க விழாவில் தீயும் கிடாக்குழி மாரியம்மாளும் அப்பாடலை நிகழ்த்தினர். அறிவு மேடையில் இல்லை. சில நாள்களில் அறிவு, பாடலின் ஆக்கத்தில் தமக்குள்ள முதன்மைப் பங்கை வலியுறுத்தி அறிக்கை வெளியிட்டார். தீயும் சந்தோஷ் நாராயணனும் விடையளித்தனர். மெட்டு உருவான வகையில் இருதரப்புக் கூற்றுகளும் மாறுபட்டன. வருவாய் மூவருக்கும் சமம் என்று இசையமைப்பாளர் தெரிவித்தார்.

சமூக ஊடகங்களில் ரசிகர்கள் இரு அணியாயினர். ஓர் அணி சாதியை முன்வைத்தது. மற்றோர் அணி இசையமைப்பாளரின் தொழில்திறனை முன்வைத்தது. தலித் கலைஞரின் முகம் அட்டையினின்று விடுபடுவது தற்செயலாகாது என்ற முதல் அணியின் வாதத்துக்குத் தமிழ்க் கலை வரலாறு சான்றளிக்கிறது. ஆயினும் இரு அணிகளுக்கும் பொதுவான ஒரு குறை இருந்தது. விவாதம் முழுவதும் கலைஞர்களுக்கு இடையிலேயே நிகழ்ந்தது. 2024 மார்ச்சில் சந்தோஷ் நாராயணன், தமக்கும் தீக்கும் அறிவுக்கும் அப்பாடலால் வருவாய் ஏதும் வந்துசேரவில்லை என்று அறிவித்தார். வெளியீட்டுத் தளம் அக்குற்றச்சாட்டை ஏற்கவில்லை. வழக்கின் உண்மை எதுவாயினும், எதிரெதிரே நிறுத்தப்பட்ட கலைஞர்கள் வருவாய் பற்றிய வினாவில் ஒரே பக்கத்தில் இருந்தனர் என்பது மூன்றாம் ஆண்டில்தான் பொதுவெளிக்கு வந்தது. ரசிகப் பற்று முகத்தைக் காக்கிறது, கணக்கேட்டைக் கேட்பதில்லை.

6. மூன்று அளவுகோல்கள்

இந்நிகழ்வுகளை ஒருங்கு நோக்கும்போது ‘புகழ் கிடைத்ததா?’ என்பதற்கு மாற்றாக மூன்று வினாக்கள் எழுகின்றன.

முதலாவது பெயர். ஆக்கியோர் தம் பெயராலேயே அறியப்படுகின்றனரா? 1838இல் பெயர் சிதைந்தது. 2021இல் அட்டையினின்று விடுபட்டது.

இரண்டாவது பங்கு. இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 2012ஆம் ஆண்டுத் திருத்தம் பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் தம் உரிமைத்தொகையை விட்டுக்கொடுக்கவியலாத உரிமையாக்கியது. இது பெரும் முன்னேற்றம். ஆயினும் ஒலிப்பதிவின் உரிமை தயாரிப்பாளரைச் சார்ந்தது. மேலும் சட்டம் தனி ஆக்குநரையே காண்கிறது. வள்ளியம்மாளின் நினைவும் ஒப்பாரி பாடும் மகளிரின் மெட்டும் அதன் கண்ணுக்கு ஆக்கம் அல்ல. எவரும் எடுக்கத்தக்க பொதுச்சொத்து.

மூன்றாவது சொல்லுரிமை. தம் கலை எங்கே, எவ்வாறு, யாரால் நிகழ்த்தப்பட வேண்டும் என்பதில் அம்மரபினருக்குச் சொல் உண்டா? மூன்று காலங்களிலும் மிகக் குறைந்த அளவில் நிறைவேறியது இதுவே. புகழ் மிகுந்தபோதும் இது மிகவில்லை. பாராட்டு இக்குறையை மறைக்கும் திரையாகவும் பயன்பட்டது.

ஒரு மறுப்பையும் கருதவேண்டும். கலப்பின்றிக் கலை இல்லை. ராப் இசையே அமெரிக்கக் கறுப்பினத்தாரிடமிருந்து வந்தது. அதனைத் தமிழர் எடுத்தாள்வது அபகரிப்பாகாதா எனக் கேட்கலாம். மேற்கண்ட மூன்று வினாக்களும் கலப்பைத் தடைசெய்யவில்லை. எடுத்தாள்வோர் கற்றோரை ஒப்புகின்றனரா, வலியார் எளியாரிடம் எடுத்தனரா என்பவற்றையே அவை ஆராய்கின்றன. ஒடுக்கப்பட்டோர் ஒருவர் மற்றோர் ஒடுக்கப்பட்டோரின் குரல்முறையைக் கற்று, தம் வரலாற்றைப் பாடுவதும், ஆடல்மகளிரைக் காட்சிப்பொருளாக்கிய பின் அவர்கள் இல்லாமலே பாலே அமைப்பதும் ஒரே தட்டில் வைக்கத்தக்கன அல்ல.

7. முடிவுரை

திருவந்திபுரத்து ஆடற்குழு ஐரோப்பாவை வென்றது என்று பெருமிதமாக எழுதுவதும், சுரண்டப்பட்டது என்று மட்டும் எழுதுவதும் எளிது. இரண்டும் உண்மையின் பாதியே. அவர்கள் புகழ்பெற்றனர், அப்புகழ் அவர்கள் கைக்கு வரவில்லை. இன்றைய தனியிசைக் கலைஞர்கள் தம் கூற்றைத் தாமே வெளியிட இயல்வது 1838இல் இல்லாத வலிமை. அவ்வலிமை பயன்தர வேண்டுமாயின் ரசிகரும் ஆய்வாளரும் அட்டைப்படத்தைப் பார்ப்பதோடு ஒப்பந்தத்தையும் படிக்கவேண்டும். நாட்டுப்புறப் பாடல்களைத் தொகுக்கும் தமிழ்த்துறைகளுக்கும் இக்கடமை உண்டு. பாடியவர் பெயர், ஊர், பாட இசைந்த நிபந்தனை ஆகியவற்றைப் பாட்டோடு பதிவு செய்வது அதன் முதற்படியாகும்.