டென்னிஸ் மைதானத்தில் பிறந்த கேள்வி

“ரிஜெக்‌ஷன் ஏன் ஏறிச்சு?” என்று ஆலையில் டீம் லீடர் அதட்டினால் சாக்குதான் பதிலாக வரும். “எந்த இடத்துல தப்புது தம்பி, நீங்க என்ன கவனிச்சீங்க?” என்று கேட்டால், லைனில் நிற்கும் பையன் தன் கையையும் மெஷினையும் உற்றுப் பார்ப்பான். இந்த இரண்டாவது வகைக் கேள்விக்கு நிர்வாகப் பயிற்சிகளில் ‘கோச்சிங்’ என்று பெயர். அது பிறந்தது டென்னிஸ் மைதானத்தில்.

1970களின் தொடக்கத்தில் கலிஃபோர்னியாவில் டென்னிஸ் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார் டிமதி கால்வே. ஹார்வர்டு பல்கலைக்கழக டென்னிஸ் அணியின் கேப்டனாக இருந்தவர். ‘முழங்காலை மடக்கு, மணிக்கட்டை இறுக்கு’ என்று சொல்லச் சொல்ல மாணவர்கள் விறைத்துப்போனார்கள். சொல்வதைக் குறைத்தால் நன்றாக ஆடினார்கள். அதனால் அவர்களுக்கு ஒரு சின்ன வேலை கொடுத்தார்: பந்து தரையில் படும்போது ‘பவுன்ஸ்’, மட்டையில் படும்போது ‘ஹிட்’ என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். மனம் பந்தோடு போய்விட்டதால், ‘சொதப்பிடுவேனோ’ என்று உள்ளே நச்சரிக்கும் குரல் அடங்கியது. உடம்பு தானாக ஆடியது. இந்தியாவிலிருந்து அமெரிக்கா சென்ற குரு மகராஜ்ஜியிடம் தியானம் கற்றவர் கால்வே. தியானத்தில் பழகிய கவனத்தைத்தான் பந்தின் மீது திருப்பினார். 1974இல் ‘தி இன்னர் கேம் ஆஃப் டென்னிஸ்’ நூல் வந்தது.

கால்வேயின் முறையை அலுவலகத்துக்குள் கொண்டுபோனவர்களில் முக்கியமானவர், 1965இல் ஐரோப்பிய டூரிங் கார் சாம்பியனான பிரிட்டிஷ் பந்தய வீரர் ஜான் விட்மோர். கால்வேயிடம் பயின்று, அதை பிரிட்டனுக்கு எடுத்துச் சென்றார். கிரஹாம் அலெக்சாண்டர், ஆலன் ஃபைன் ஆகியோரோடு சேர்ந்து 1980களில் அவர் உருவாக்கிய ‘க்ரோ’ முறை, 1992இல் வெளியான விட்மோரின் நூல் வழியே உலகெங்கும் பரவியது. அதில் நான்கே கேள்விகள்: எதை அடைய வேண்டும், இப்போது நிலைமை என்ன, என்னென்ன வழி இருக்கிறது, எதைச் செய்யப்போகிறீர்கள்.

இதைப் பந்தயக்காரர் ஒருவர் பிடித்துக்கொண்டதில் ஆச்சரியமில்லை. வளைவில் வண்டி எந்தப் பக்கம் இழுக்கிறது என்பது ஸ்டீயரிங் பிடித்தவருக்குத்தான் தெரியும். மெக்கானிக் அவரைக் கேட்டுத்தான் திருத்த முடியும். சென்னைக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில், பந்தயத் தளமும் ஹூண்டாய் கார் ஆலையும் அருகருகேதான் இருக்கின்றன. லைனில் நிற்பவரும் அந்த ஓட்டுநரைப் போலத்தான். ஸ்குரூ எங்கே சரியாக உட்காரவில்லை என்பது முதலில் தெரிவது அவர் விரலுக்கு.

ஆனால் ஒரு வித்தியாசம். வீரர் தன் இலக்கைத் தானே வைத்துக்கொள்கிறார். ஆலையில் டார்கெட்டும் லைன் வேகமும் மேலிருந்து வருகின்றன. 2024 செப்டம்பரில் சுங்குவார்சத்திரம் சாம்சங் ஆலைத் தொழிலாளர்கள் தொடங்கிய வேலைநிறுத்தம் ஒரு மாதத்தைத் தாண்டியது. சங்கத்துக்கு அங்கீகாரம் என்பதே முக்கியக் கோரிக்கை. தனித்தனியாக ஆளைக் கூப்பிட்டுப் பேசித் தீராத விஷயங்களும் இருக்கின்றன. அவற்றைக் கூட்டாகத்தான் பேச முடியும்.

கால்வேயின் மைதானத்தில் மாணவர் கவனித்ததற்கு ஏற்ப ஆட்டம் மாறியது. லைன் வேகம் அதிகம் என்று தம்பி பதில் சொன்னால், அதைக் குறைக்கவோ மேலதிகாரிகளிடம் கொண்டுபோகவோ டீம் லீடருக்கு அதிகாரம் வேண்டும். அது இல்லாத இடத்தில் நான்கு கேள்விகளும் மரியாதையான அதட்டல்தான்.